திரும்பி நடந்த மேய்ப்பர்கள்

(பாஸ்கா காலம் 4ஆம் ஞாயிறு, நல்லாயன் ஞாயிறு அன்று வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



பாஸ்கா காலத்தின் 4ஆம் ஞாயிறை நாம் நல்லாயன் ஞாயிறு என்று கொண்டாடுகிறோம். 1964ஆம் ஆண்டு, திருத்தந்தை புனித ஆறாம் பவுல், இதே ஞாயிறை இறையழைத்தலுக்காக மன்றாடும் உலக நாளாகவும் ஏற்படுத்தினார். நல்ல மேய்ப்பர்களை அனுப்பும் என்று இன்று உலகெங்கும் ஆண்டவரிடம் கேட்கிறோம். கேட்பதற்கு முன், நல்ல மேய்ப்பர் என்றால் யார் என்பதைச் சற்று சிந்திப்போம்.

உரோமை நகரின் சலாரியா சாலையில், பிரிசில்லா என்ற பெயரில் ஒரு நிலத்தடிக் கல்லறை இருக்கிறது. வேதகலாபனைக் காலத்தில் கிறிஸ்தவர்கள் தங்கள் இறந்தோரை அங்கே அடக்கம் செய்தார்கள். அதன் ஓர் அறையின் மேற்கூரையில், 3ஆம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட ஓர் ஓவியத்தை இன்றும் காணலாம். ஒரு மேய்ப்பர் நிற்கிறார். அவர் தோளில் ஓர் ஆடு. சிலுவையில் தொங்கும் இயேசுவை வரையும் வழக்கம் அப்போது இன்னும் வரவில்லை. சாவின் இருளில் நின்றுகொண்டு, 'எங்கள் ஆண்டவர் யார்?' என்று அந்த முதல் கிறிஸ்தவர்கள் தங்களையே கேட்டபோது, அவர்கள் கண்முன் வந்த உருவம் ஆட்டைச் சுமக்கும் மேய்ப்பர்தான். அரியணையில் அமர்ந்த அரசரை அவர்கள் அந்த இடத்தில் வரையவில்லை.

ஆனால், மேய்ப்பர் என்ற சொல்லை விவிலியம் எப்போதும் புகழ்ச்சியாகவே பயன்படுத்தவில்லை. எசேக்கியேல் நூலின் 34ஆம் பிரிவை வீட்டில் நிதானமாக வாசித்துப் பாருங்கள். ஆடுகளின் பாலைக் குடித்து, அவற்றின் மயிரை உடுத்தி, கொழுத்ததை அடித்து உண்டு, நலிந்ததைக் கவனிக்காமல் விட்ட மேய்ப்பர்கள்மீது கடவுள் வழக்குத் தொடுக்கிறார். இறுதியில், தாமே வந்து ஆடுகளை மேய்க்கப்போவதாகச் சொல்கிறார். அந்த வாக்குறுதிதான் யோவான் நற்செய்தியின் 10ஆம் பிரிவில் இயேசுவின் வாயிலிருந்து வெளிப்படுகிறது.

அங்கே இயேசு இருவரைப் பற்றிப் பேசுகிறார். ஒருவர் நல்ல ஆயர். மற்றவர் கூலிக்கு மேய்ப்பவர். இந்த இருவரையும் எப்படி அடையாளம் காண்பது?

நம் ஊர்ப்பக்கம், அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடும் கீதாரிகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பகலில் பார்த்தால், தன் ஆட்டை மேய்ப்பவர் யார், சம்பளத்துக்கு மேய்ப்பவர் யார் என்று வெளியாருக்குத் தெரியாது. இருவர் கையிலும் கம்பு, இருவர் தலையிலும் துண்டு, இருவருக்கும் எந்தக் கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது என்பது தெரியும். இரவில் கிடைக்குள் நரி புகுந்தால் அப்போது தெரிந்துவிடும். இயேசுவும் இதே அளவுகோலைத்தான் வைக்கிறார். ஓநாய் வரும்போது யார் நிற்கிறார், யார் ஓடுகிறார் என்று பார்க்கச் சொல்கிறார். அறிவு, பேச்சுத்திறன், நிர்வாகத் திறமை, இவற்றில் எதையும் அவர் அங்கே குறிப்பிடவில்லை. ஆடுகளுக்காக உயிரையும் தர முன்வருவதே அடையாளம் என்கிறார்.

அன்பர்களே, இதுவரை சொன்னது நாம் ஆண்டுதோறும் கேட்பதுதான். இன்று உங்கள்முன் ஒரு கேள்வியை வைக்க விரும்புகிறேன். ஓநாய் வந்தபோது ஓடிவிட்டவரின் கதி என்ன? ஒருமுறை ஓடியவர், காலமெல்லாம் கூலிக்கு மேய்ப்பவராகவே இருந்துவிட வேண்டியதுதானா?

திருஅவையின் முதல் மேய்ப்பரே ஓடியவர்தான். தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில், கரி நெருப்பின் அருகே குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுரு, ஒரு பணிப்பெண்ணின் கேள்விக்கு அஞ்சி, தம் ஆண்டவரைத் தெரியாது என்றார். ஒருமுறை அன்று, மும்முறை. உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் மீண்டும் ஒரு கரி நெருப்பை மூட்டி, மீன் சுட்டு, பேதுருவை அழைக்கிறார். அங்கே பழைய கணக்கு எதையும் அவர் எடுக்கவில்லை. தம்மீது அன்பு உண்டா என்று மும்முறை கேட்கிறார். ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் தம் ஆடுகளை அவர் கையில் ஒப்படைக்கிறார். ஓடியவரை நம்பி மந்தையைக் கொடுக்கிறார்!

பேதுருவைப் பற்றித் திருஅவையின் மரபில் ஒரு கதை உண்டு. விவிலியத்தில் இடம்பெறாத கதை, 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'பேதுருவின் பணிகள்' என்ற நூலில் காணப்படுவது. உரோமையில் கிறிஸ்தவர்களைத் தேடித் தேடிக் கொல்லும் நேரத்தில், நண்பர்களின் வற்புறுத்தலால் பேதுரு நகரைவிட்டு வெளியேறுகிறார். எதிரே ஆண்டவர் வருகிறார். எங்கே போகிறீர் என்று பேதுரு கேட்கிறார். மீண்டும் சிலுவையில் அறையப்பட உரோமைக்குப் போவதாக ஆண்டவர் சொல்கிறார். பேதுருவுக்குப் புரிந்துவிடுகிறது. வந்த வழியே திரும்பி நடக்கிறார். போலந்து நாட்டு எழுத்தாளர் ஹென்ரிக் சியன்கியேவிச், 1896இல் நூலாக வெளிவந்த தம் 'குவோ வாதிஸ்' நாவலின் உச்சகட்டமாக இந்த நிகழ்வையே வைத்தார். இலத்தீனில் அந்தத் தலைப்புக்கு, எங்கே போகிறீர் என்பதே பொருள். உரோமையின் அப்பியா சாலையில், அந்தச் சந்திப்பின் நினைவாக ஒரு சிறிய கோவிலும் இருக்கிறது. கதையோ, மரபோ, அது சொல்லும் உண்மை பெரிது. பேதுருவின் ஓட்டம் அவருடைய கடைசி அடி அல்ல. அவர் திரும்பினார்.

இப்போது இன்னொரு நாவலுக்கு வருகிறேன். கத்தோலிக்க எழுத்தாளர் கிரகாம் கிரீன் 1940இல் வெளியிட்ட 'தி பவர் அண்ட் தி குளோரி'. 1930களில் மெக்சிகோவின் தபாஸ்கோ மாநிலத்தில் கோவில்கள் மூடப்பட்டன, இடிக்கப்பட்டன. குருக்கள் திருமணம் செய்துகொள்ள வேண்டும், அல்லது ஓடிவிட வேண்டும் என்ற நிலை. 1938இல் கிரீன் அந்நாட்டுக்கு நேரில் சென்று, கண்டு, கேட்டு, பின் இந்த நாவலை எழுதினார்.

கதையில் வரும் குருவுக்குப் பெயரே கிடையாது. அவர் புனிதர் அல்லர். குடிப்பழக்கம் உள்ளவர். அச்சம் மிகுந்தவர். அவருக்கு ஒரு மகளும் உண்டு. அந்த மாநிலத்தில் மறைவாகத் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருக்கும் கடைசிக் குரு அவர்தான். காவல்துறை அவரைத் தேடுகிறது. நாவலின் தொடக்கத்தில், தப்பிச் செல்ல ஒரு கப்பல் தயாராக நிற்கிறது. அந்த நேரம் ஒரு சிறுவன் வந்து, தன் தாய் சாகக் கிடக்கிறாள் என்கிறான். முணுமுணுத்துக்கொண்டே அவர் சிறுவனோடு போகிறார். கப்பல் போய்விடுகிறது.

பல இன்னல்களுக்குப் பின், எல்லையைக் கடந்து பாதுகாப்பான பகுதிக்கு வந்துசேர்கிறார். அங்கே குருக்களை யாரும் சுடமாட்டார்கள். உடனே பழைய குணம் தலைதூக்குகிறது. திருமுழுக்குக்கு இவ்வளவு என்று ஏழைகளிடம் பேரம் பேசுகிறார். அந்தச் சமயத்தில் ஒருவன் வந்து, எல்லைக்கு அப்பால் ஒரு கொலையாளி குண்டடிபட்டுக் கிடக்கிறான், ஒப்புரவு அருளடையாளம் பெறக் குருவைத் தேடுகிறான் என்கிறான். இது தம்மைப் பிடிக்க விரித்த வலை என்பது குருவுக்கு நன்றாகத் தெரியும். வந்தவன் காட்டிக்கொடுப்பவன் என்பதும் தெரியும். ஆனாலும் அங்கே சாகக் கிடப்பவன் உண்மையாகவே சாகக் கிடக்கிறானே! திரும்பிப் போகிறார். பிடிபடுகிறார். சுட்டுக்கொல்லப்படுகிறார். சாவதற்கு முன் அவர் மனத்தில் பெருமிதம் எதுவும் இல்லை. கடவுள்முன் வெறுங்கையோடு போகிறோமே என்ற வருத்தம்தான் இருக்கிறது. நாவலின் இறுதியில், இரவில் ஒரு வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. அடுத்த குரு வந்துவிட்டார்.

இந்த நாவலைக் குறித்து 1950களில் வத்திக்கானில் சிலர் முகம் சுளித்ததுண்டு. பின்னாளில் கிரீனைச் சந்தித்த திருத்தந்தை ஆறாம் பவுல், தாம் அதை வாசித்திருப்பதாகச் சொல்லி, சிலர் மனம் புண்படுவதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று அவரைத் தேற்றினார்.

நானும் முகம் சுளித்தவன்தான். குருமடத்தில் படிக்கும்போது இந்த நாவலை வாசித்தேன். குடித்துத் திரியும் ஒருவரை மேய்ப்பராகக் காட்டலாமா என்று எனக்குக் கோபம் வந்தது. நான் இப்படி இருக்கமாட்டேன் என்று உறுதியாக நம்பினேன்.

குருவாகி இரண்டாம் ஆண்டு. உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். ஐப்பசி மாதம், விடாத மழை. இரவு பதினொன்றரைக்குத் தொலைபேசி ஒலித்தது. கிளைப்பங்கு ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் பேசினார். "சாமி, அம்மாவுக்கு ரொம்ப முடியல. வந்து மந்திரிச்சிட்டுப் போறீங்களா?" என்றார். அந்த ஊருக்கு எட்டு கிலோமீட்டர். வழியில் ஓடை வேறு. நான் மழையைப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு அடிக்கடி இப்படி வருவதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "காலையில முதல் பூசை முடிஞ்சதும் வந்துடறேன் தம்பி" என்று சொல்லி, தொலைபேசியை வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் நான் போனபோது வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதிகாலை மூன்று மணிக்கே அந்தத் தாய் இறந்துவிட்டிருந்தார். சாகும்வரை, சாமி வந்துட்டாரா என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். அந்த மகன் என்னைத் திட்டியிருக்கலாம். எல்லார்முன்னும் கேட்டிருக்கலாம். அவர் என் கையைப் பிடித்து, "பரவாயில்லை சாமி" என்றார். அவ்வளவுதான்.

அந்த 'பரவாயில்லை' இன்றும் என்னைவிட்டுப் போகவில்லை. என்னிடம் வந்தது துப்பாக்கி ஏந்திய ஓநாய்கூட இல்லை. வெறும் மழை. அதற்கே நான் ஓடிவிட்டேன். போர்வைக்குள் ஓடினேன். அந்த வாரம் அதே நாவலை மீண்டும் எடுத்தேன். நான் இகழ்ந்த அந்தக் குடிகாரக் குரு, முணுமுணுத்தபடியே என்றாலும், எழுந்து போனார். ஒழுங்காகச் செபமாலை சொல்லி, ஒழுங்காகப் பூசை வைத்த நான் போகவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே மகன் மறுபடி அழைத்தார். இம்முறை அவருடைய தந்தைக்கு. நேரம் இரவு இரண்டு மணி. அவர் பக்கத்துப் பங்கின் குருவை அழைத்திருக்கலாம். என்னைத்தான் அழைத்தார். நான் போனேன். திபேரியக் கடற்கரையில் பேதுருவுக்கு என்ன கிடைத்தது என்பது அந்த இரவில்தான் எனக்குப் புரிந்தது. எனக்கு அதைக் கொடுத்தது ஓர் ஆடு. ஆண்டவரின் மந்தையில், சில நேரங்களில் ஆடுகளே மேய்ப்பரைத் தேடிவந்து மீட்கின்றன.

அன்பர்களே, இவையெல்லாம் நாவலில் நடக்கும், நிஜத்தில் இவ்வளவு தூரம் யார் போவார் என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்காக ஓர் உண்மை வரலாறு.

ஸ்டான்லி ரோத்தர், 1935இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். டிராக்டர் ஓட்டவும், பழுதானதைச் சரிசெய்யவும் நன்கு தெரிந்தவர். குருமடத்தில் இலத்தீன் மட்டும் ஏறவில்லை. படிப்பில் தேறாததால் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மனம் தளராமல் வேறொரு குருமடத்தில் சேர்ந்து, 1963இல் குருவானார். 1968இல் குவாத்தமாலா நாட்டில், அத்தித்லான் ஏரிக்கரையில் உள்ள சாந்தியாகோ அத்தித்லான் என்ற ஊருக்கு மறைப்பணியாளராகச் சென்றார். இலத்தீன் வராத அந்த மனிதர், அங்குள்ள பழங்குடி மக்களின் ட்சுதுஹில் மொழியைக் கற்று, அதிலேயே திருப்பலி நிறைவேற்றி மறையுரை ஆற்றினார். மக்களோடு வயலில் இறங்கி உழைத்தார். அந்தப் பங்கில் ஒரு சிறு மருத்துவமனையும், மக்களுக்குக் கல்வி தரும் வானொலி நிலையமும் இயங்கின.

அப்போது குவாத்தமாலாவில் உள்நாட்டுப் போர். ஏழைகளோடு நிற்பவர் எல்லாரும் எதிரிகளாகப் பார்க்கப்பட்டனர். மறைக்கல்வி ஆசிரியர்களும் வானொலி நிலையத்தைச் சேர்ந்தோரும் கடத்தப்பட்டனர். 1980ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் தம் நாட்டு மக்களுக்கு எழுதிய மடலில், ஆபத்தின் முதல் அறிகுறியைக் கண்டதும் மேய்ப்பர் ஓடிவிட முடியாது என்ற கருத்தை அவர் எழுதினார். சில நாள்களில், 1981 சனவரியில், கொல்லப்பட வேண்டியோர் பட்டியலில் அவர் பெயரும் இருப்பதாகத் தெரியவந்தது. தம்மோடு பணியாற்றிய குவாத்தமாலா நாட்டுக் குருவுடன் அவர் ஓக்லஹோமாவுக்குத் திரும்பினார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். அவரும் ஊரைவிட்டுப் புறப்பட்டார். ஆபத்திலிருந்து விலகுவது பாவம் அல்ல. யோசேப்பும் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடினார். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவதும் மேய்ப்பரின் வேலைதான். ஆட்டை விட்டுவிட்டு ஓடுவதுதான் கூலியாளின் வேலை. பெற்றோரின் பண்ணையில், பாதுகாப்பான ஊரில் இருந்தபோது, அத்தித்லான் மக்கள் அவர் மனத்தைவிட்டு அகலவில்லை. புனித வாரத்தை அவர்களோடு கழிக்க வேண்டும் என்று ஏப்ரலில் திரும்பிச் சென்றார். 1981 சூலை 28, நள்ளிரவு கடந்த வேளை, ஆயுதம் ஏந்திய மூவர் பங்கு இல்லத்துக்குள் நுழைந்தனர். அவரை அங்கேயே சுட்டுக்கொன்றனர். அவருக்கு வயது 46.

உடல் ஓக்லஹோமாவுக்குச் சென்றது. மக்கள் கேட்டுக்கொண்டதால், அவருடைய இதயம் மட்டும் சாந்தியாகோ அத்தித்லான் கோவிலிலேயே வைக்கப்பட்டது. 2017 செப்டம்பர் 23 அன்று, திருஅவை அவரை மறைசாட்சி என்ற நிலையில் அருளாளராக உயர்த்தியது.

பேதுரு, நாவலில் வரும் பெயரில்லாத குரு, அருளாளர் ஸ்டான்லி ரோத்தர். மூவரும் ஒருகட்டத்தில் ஆபத்தைவிட்டு வெளியே போனவர்கள். மூவரும் திரும்பி நடந்தவர்கள். ஆடுகளின்மீது கொண்ட அன்பு அவர்களைத் திருப்பி இழுத்தது. நல்ல ஆயராகிய இயேசுவோ ஒருபோதும் ஓடாதவர். ஓடுகிறவர்களின் எதிரே வந்து நிற்பவர். அவர் எதிரே வருவதால்தான் நம்மால் திரும்ப முடிகிறது.

மேய்ப்பர் என்றால் குருக்களும் துறவியரும் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் ஒவ்வொருவரிடமும் ஆண்டவர் யாரையாவது ஒப்படைத்திருக்கிறார். படுக்கையில் கிடக்கும் மாமியாரைத் திருப்பிப் படுக்கவைக்கும் மருமகளே, நீங்கள் மேய்ப்பர். குடிக்கு அடிமையான தம்பியை இன்னும் கைவிடாத அண்ணனே, நீங்கள் மேய்ப்பர். பாடம் ஏறாத பிள்ளையைக் கடைசி வரிசைக்குத் தள்ளாத ஆசிரியரே, நீங்கள் மேய்ப்பர். உங்களுக்கு வரும் ஓநாய் பெரும்பாலும் களைப்பாக வரும். சலிப்பாக வரும். 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற ஒரு வாக்கியமாக வரும்.

உங்களில் யாராவது ஏற்கெனவே ஓடியிருக்கலாம். வயதான தந்தையிடம் பேசி ஆண்டுகள் ஆகியிருக்கலாம். பிள்ளையைக் கோபத்தில் வீட்டைவிட்டு அனுப்பியிருக்கலாம். நோயுற்ற நண்பரைப் பார்க்கத் தைரியமின்றித் தள்ளிப்போட்டிருக்கலாம். அங்கிருந்து 'பரவாயில்லை' என்று யாரோ சொல்லியிருக்கலாம், அதுவே உங்களைச் சுட்டுக்கொண்டிருக்கலாம். இன்று ஞாயிறு. மாலைக்குள் ஓர் அழைப்பு, ஒரு பேருந்துப் பயணம் போதும். திரும்பி நடக்க முடியும்.

குருக்களுக்காக இன்று செபியுங்கள். நாங்கள் தவறும்போது எங்களிடம் நேரில் சொல்லுங்கள். நள்ளிரவில் அழைக்கத் தயங்காதீர்கள். உங்கள் அழைப்புதான் எங்களை மேய்ப்பர்களாக வைத்திருக்கிறது. உங்கள் பிள்ளைகளில் ஒருவரை ஆண்டவர் இப்பணிக்கு அழைத்தால், அவர் படிப்பில் முதல்வரா என்று மட்டும் பார்க்காதீர்கள். அடிபட்ட நாய்க்குட்டியைக் கண்டால் நின்று பார்க்கிறாரா என்று பாருங்கள்.

நல்ல ஆயராம் இயேசுவே, நாங்கள் ஓடிய வழிகளில் எல்லாம் எதிரே வந்து நின்றவரே, எங்கள் கையில் நீர் ஒப்படைத்தவர்களை விட்டுவிடாதிருக்க எங்களுக்குத் துணிவு தாரும். விட்டுவிட்ட இடத்துக்குத் திரும்பி நடக்க மனம் தாரும். எங்களால் காத்திருந்து ஏமாந்தவர்களையும், காத்திருந்தபடியே இறந்தவர்களையும் உம் தோளில் சுமந்துகொள்ளும். ஆமென்.